பலகை இருக்கிறது, மாட்டுவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் மழை பலத்துவிட்டால், வடிகால்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எச்சரிக்கை டெலிகிராமில் வருகிறது: இன்ன சாலையில் திடீர் வெள்ளம் ஏற்படலாம், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம். வாகனமோட்டிகளுக்கு நல்ல உதவிதான். அந்தச் சாலையிலேயே குடியிருப்பவர் எங்கே போவார்?

என் அக்கா புக்கிட் தீமா கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில், பழைய தரைவீட்டில் இருக்கிறார். 2021 ஏப்ரல் 17 அன்று அந்த வட்டாரத்தில் மூன்று மணி நேரத்தில் 170 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதைக் கண்டு பயந்துபோய் அத்தான், வெள்ளம் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் அலுமினியப் பலகைகள் வாங்கினார். வாசலின் இரு பக்கமும் உள்ள காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகவேண்டும். வாங்கிய கையோடு அவை சாமான் அறையில், தீபாவளி விளக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. எச்சரிக்கை போனது ஜூரோங்கில் வேலையிலிருந்த மகனின் கைப்பேசிக்கு. வீட்டில் இருந்ததோ எழுபதைத் தாண்டிய அக்கா, முழங்கால் வலிக்கார அத்தான், வந்து இரண்டே மாதமான பணிப்பெண். மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மூவரும் பெட்டிகளை நகர்த்திப் பலகைகளை இழுத்துவந்து செருகினார்கள். வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி ஓடும் சிறு வடிகால் தெருக்கால்வாயில் அல்லவா சேர்கிறது? கால்வாய் நிரம்பியதும் அந்த வழியாகவே தண்ணீர் எதிர்த்து வந்து சமையலறைக்குள் ஏறிவிட்டது. சலவை இயந்திரம் போயிற்று.

நாங்கள் பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவர்கள். 1978 டிசம்பர் 2 அன்று 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் பெய்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அக்கா அரிசி டின்னைத் தூக்கினாள், நான் கோழிக்கூடை, அம்மா சாமி படமும் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பிஸ்கட் டப்பாவும். வருடா வருடம் பழகிய கை. அந்த 1970களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டர் நிலம் வெள்ள அபாயப் பகுதியாக இருந்தது. இன்று 30 ஹெக்டரைவிடக் குறைவு. கால்வாய் வெட்டியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் நமக்குக் கை மறந்துவிட்டது. மழையோ இப்போது முன்னைவிட மூர்க்கமாகப் பெய்கிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் பெய்தால் தாழ்வான இடங்களில் தண்ணீர் வடியவும் தாமதமாகிறது.

அக்கா வீட்டில் இப்போது மின்செருகிகள் இடுப்பளவு உயரத்துக்கு ஏறிவிட்டன. புதிய சலவை இயந்திரம் செங்கல் மேடையில் நிற்கிறது. வடிகால் வாயை அடைக்க மணல்மூட்டைகள் இருக்கின்றன. எச்சரிக்கை பணிப்பெண்ணின் கைப்பேசிக்கும் வருகிறது. மகன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண்ணும் அக்காவும் மட்டும் பலகைகளை மாட்டிப் பார்த்தார்கள். முதல் தடவை 25 நிமிடம், மூன்றாம் தடவை 9.

சமூக மன்றங்களில் தீ அணைக்கக் கற்றுத் தருகிறார்கள். தாழ்வான தெருக்களில் இதையும் ஒரு நாள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, பகல் வேளையில் வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிவைத்துச் செய்து காட்டலாமே? பலகைகள் இப்போது காலணி அடுக்குக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நிற்கின்றன. வாசல் அழகு கெட்டுவிட்டது என்று அக்கா இன்னமும் முணுமுணுக்கிறார்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்