பிரஷ் கழுவும் தண்ணீரும் சுவரை நனைக்கும் மழையும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். உன் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்வி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. பிரஷ்ஷில் இருக்கும் பெயின்ட் தண்ணீரில் கழுவினால் போய்விடுகிறது, அதே பெயின்ட் சுவரில் காய்ந்த பிறகு மழையில் ஏன் கரைந்து ஓடுவதில்லை என்று கேட்டாளாமே. "காய்ந்துவிட்டது, அதனால்தான்" என்று நீ சொன்ன பதில் உனக்கே நிறைவாக இல்லை என்றும் எழுதியிருந்தாய். இருக்காதுதான். உப்புக் கரைசலும் காய்கிறது. மறுபடி தண்ணீர் பட்டால் கரைந்துபோகிறது. அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் பெயின்ட் ஆய்வகத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையை அவள் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள்.

முதலில் என் செய்தி. வலது கண்ணில் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மேசையில் கிடந்த வெள்ளைப் பூச்சு அட்டையை இடது கண்ணால் பார்த்தேன். பழுப்பேறிய பழைய காகிதம் மாதிரி இருந்தது. வலது கண்ணால் பார்த்தேன். நீலம் கலந்த சுத்த வெண்மை. ஒரே அட்டைதான். ஜன்னலோரம் நின்று கண்ணை மாற்றி மாற்றி மூடித் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்மைக்கென்றே வாழ்ந்தவளுக்கு வெண்மை திரும்பக் கிடைத்ததில் எத்தனை சந்தோஷம் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். எமல்ஷன் பெயின்ட்டில் பாலிமர், அதாவது சுவரில் படலமாகப் பிடித்துக்கொள்ளும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. இதை மட்டும் முதலில் மாணவிகளின் மனத்தில் பதிய வைத்துவிடு, பாதி வேலை முடிந்தது. அது மிகச் சிறிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் 150 நானோமீட்டர் என்று வைத்துக்கொள். பாதி தண்ணீரும் பாதி பாலிமருமாக உள்ள இந்த வெள்ளைக் கலவையை நாங்கள் பால் என்போம்; அதில் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 280 லட்சம் கோடி உருண்டைகள் இருக்கும். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்த உருண்டைகளின் மேற்பரப்பை எல்லாம் உரித்து விரித்தால் 20 சதுர மீட்டர் வரும். ஒரு சிட்டிகை பாலுக்குள் ஓர் அறையின் தரை அளவு பரப்பு சுருண்டு கிடக்கிறது.

இவ்வளவு பரப்பை எந்தப் பொருளும் விரும்பி வைத்துக்கொள்வதில்லை. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்பைக் குறைத்துக்கொள்ளத்தான் பார்க்கும். ஒட்டாமல் காப்பது அவற்றின் மேல் படிந்திருக்கும் சோப்பு போன்ற மூலக்கூறுகள். வால் பாலிமரைப் பற்றிக்கொள்ள, மின்னேற்றம் உள்ள தலை தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. எல்லா உருண்டைக்கும் ஒரே வகை ஏற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. டப்பாவுக்குள் மாதக்கணக்கில் கட்டிதட்டாமல் இருப்பது இதனால்தான். ஈரமான பிரஷ்ஷிலும் அதே நிலைமைதான். தண்ணீரைக் கண்டதும் விலகி மிதந்து போய்விடுகின்றன. அவள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுவே பதில்.

இரண்டாவது பாதி சுவரில் நடக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆக, உருண்டைகள் நெருங்கி அடுக்கடுக்காக அமர்கின்றன. இடுக்குகளில் எஞ்சிய தண்ணீர் நுண்புழை விசையால், அதாவது குறுகிய இடுக்கில் தண்ணீர் தன் பக்கம் இழுக்கும் விசையால், அவற்றை இறுக்கி இழுக்கிறது. இடுக்குகள் அவ்வளவு சிறியவை என்பதால் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. சோப்பின் தடுப்பு உடைகிறது. உருண்டைகள் நசுங்கித் தட்டையாகி, பன்னிரண்டு முகம் கொண்ட கட்டிகளாக, இடைவெளியே இல்லாமல் பொருந்திக்கொள்கின்றன. இதுவரைகூட அது அடுக்கி வைத்த செங்கல்தான். அடுத்து நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் அலுக்காத காட்சி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலிமர் சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் முனைகள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து அங்குள்ள சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு எது யாருடைய சங்கிலி என்று பிரிக்க முடியாது. உருண்டை என்ற ஒன்றே அங்கே இல்லை. மழை வந்து எதை மிதக்க வைக்கும்? தண்ணீரில் கரையாத ஒரே பரப்பாகப் படலம் ஆகிவிட்டது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக இந்தப் பின்னல் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தண்ணீர் ஒரு மணி நேரத்தில் போய்விடும். சங்கிலிகள் பின்னி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். புதிதாகப் பூசிய சுவரை உடனே துடைக்காதே என்று சொல்வது அதற்காகத்தான்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது, கவனித்தாயா? உருண்டைகள் நசுங்கவும் சங்கிலிகள் நகரவும் பாலிமர் மென்மையாக இருக்க வேண்டும். அவ்வளவு மென்மையாகவே இருந்துவிட்டால் சுவரில் தூசு ஒட்டும், கதவும் சட்டமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு கடினமாகவும், காயும்போது இளக்கமாகவும் இருக்க வேண்டும். எங்கள் தொழிலின் தலைவலி முழுவதும், அழகு முழுவதும் இந்த ஓரிடத்தில்தான்.

நாம் கல்லூரியில் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்று படித்தது நினைவிருக்கும். கண்ணாடி போல விறைத்திருக்கும் பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை. பாலிமெத்தில் மெதக்ரிலேட்டுக்கு அது சுமார் 105 டிகிரி செல்சியஸ். அறையில் அது கண்ணாடி. பாலிபியூட்டைல் அக்ரிலேட்டுக்குச் சுழியத்துக்குக் கீழே 54; அறையில் அது பிசின். எடையில் சரிபாதியாகச் சேர்த்துக் கூட்டுப் பாலிமர் செய்தால் நேர் சராசரி 25க்கு மேல் வர வேண்டும். கூட்டுப் பாலிமருக்கு இந்த வெப்பநிலையைக் கணிக்கும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் கெல்வினில் தலைகீழாகப் போட்டுப் பார், 4 டிகிரிக்கு அருகில் வரும். இளக்கமானது தன் பங்கைவிடக் கூடுதலாக இழுக்கிறது.

ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த கருவி ஒன்று உண்டு. ஒரு நீண்ட உலோகத் தகடு. ஒரு முனை குளிராக, மறுமுனை சூடாக, இடையில் படிப்படியாக வெப்பநிலை ஏறும். அதன் மேல் பாலை மெல்லிய பட்டையாக இழுத்துவிட்டு, மேலே உலர்ந்த காற்றைச் செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் பட்டை முழுவதும் ஒரே வெள்ளை. பிறகு சூடான முனையில் தெளிவு தொடங்கும். உருண்டைகள் ஒன்றாகும் இடத்தில் ஒளி சிதற எல்லைகள் இல்லாததால் வெண்மை மறைந்து அடியில் உள்ள உலோகம் தெரியும். அந்தத் தெளிவு மெல்ல மெல்லக் குளிர்ப் பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு அப்பால் பட்டை வெள்ளையாகவே காய்ந்து, நுணுக்கமாக வெடித்திருக்கும். இந்தப் பக்கம் நகத்தால் உரித்தால் தோல் போல வரும். அந்தப் பக்கம் தொட்டாலே மாவாக உதிரும். நடுவில் உள்ள கோடுதான் படலம் உண்டாகும் மிகக் குறைந்த வெப்பநிலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கோட்டை நான் மதிக்கவில்லை. 25 டிகிரி அறையில் அருமையாகக் காய்ந்த ஒரு கலவையை நல்லது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். குளிர்ந்த காலையில் பூசிய ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது சுவர் முழுக்க வற்றிய குளத்துச் சேறு போல விரிசல். மூலைகளில், பெயின்ட் தடிமனாகத் தேங்கிய இடங்களில், விரிசல் இன்னும் அகலம். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சுவரைக் கையால் தடவினார். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. அதை நான் மறக்கவே இல்லை.

இந்த முரணைத் தீர்க்கப் பழைய வழி, மெதுவாக ஆவியாகும் கரைப்பான் ஒன்றைச் சிறிதளவு சேர்ப்பது. அது உருண்டைக்குள் புகுந்து தற்காலிகமாக இளக்கிவிட்டு, படலம் ஆனதும் சிறுகச் சிறுக வெளியேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறைப்படி கொதிநிலை 250 டிகிரி வரை உள்ள கரிமப் பொருள்தான் ஆவியாகும் பொருள் என்ற கணக்கில் வரும். வீட்டுக்குள் பூசும் பளபளப்பில்லாத பூச்சில் அந்தப் பொருள் 2010 முதல் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் கூடாது. மிக அதிகமாகப் பயன்படும் கரைப்பானின் கொதிநிலை 250க்குச் சற்று மேலே இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் அது வராது. அறையின் காற்றில் வரத்தான் செய்யும். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடினமான உள்ளுருண்டையின் மேல் இளக்கமான தோல் போர்த்துவதும், காய்ந்த பிறகு சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போடுவதும் எவ்வளவோ நேர்மையான வழிகள். குறுக்குப் பிணைப்பில் கீட்டோன், ஹைட்ரசைடு என்ற இரண்டு வேதித் தொகுதிகளும் டப்பாவுக்குள் அமைதியாக இருக்கின்றன. தண்ணீரும் கலவையில் உள்ள அம்மோனியாவும் வெளியேறிய பிறகுதான் கைகோக்கின்றன. வினைப்படுபொருள்களை ஒரே டப்பாவில் வைத்து, சுவரில் மட்டும் வினைபுரியச் செய்வது எத்தனை நேர்த்தியான யோசனை.

கரைப்பான் பற்றி நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று உனக்குத் தெரியும். பெயின்டரான அப்பா சாயங்காலம் வேலை முடித்து வரும்போது அவருக்கு முன்னால் டர்பெண்டைன் வாசனை வீட்டுக்குள் வரும். விளக்கை அணைத்துவிட்டுத் தலையில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். வெயிலில் நின்ற தலைவலி என்றுதான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். பெயின்டர் தொழிலே புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேலை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல் வகைப்படுத்தியது. இரண்டாம் உலகப் போர்க்காலச் செயற்கை ரப்பர் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஸ்டைரீன்-பியூட்டாடையீன் பால் 1948லேயே சுவர்ப் பூச்சாகக் கடைக்கு வந்துவிட்டது. முழு அக்ரிலிக் பால் 1953இல். ஆனாலும் கதவுக்கும் ஜன்னலுக்கும் எண்ணெய்ப் பெயின்ட்தான் என்ற பழக்கம் மாற எத்தனையோ காலம் பிடித்தது. அப்பா கையில் பிடித்த பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவிய நாள்கள் மிகக் குறைவு.

தண்ணீர்ப் பெயின்ட் என்றால் தீங்கே இல்லை என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. தண்ணீர் இருக்கும் இடத்தில் உயிர் இருக்கும். கெட்டுப்போன டப்பாவைத் திறந்திருக்கிறாயா? மூடி உப்பியிருக்கும், திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கெட்டியாக்கச் சேர்த்த செல்லுலோஸ் சங்கிலியை நுண்ணுயிர்களின் நொதிகள் துண்டுதுண்டாக வெட்டிவிடுவதால், குழம்பாக இருந்தது தண்ணீராக ஓடும். அதைத் தடுக்கத்தான் ஐசோதயசோலினோன் வகைக் காப்புப் பொருள்கள் சேர்க்கிறோம். மிகக் குறைந்த அளவுதான். சிலருக்கு அதுவே தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். இன்னொன்று, பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவும்போது அத்தனை கோடி உருண்டைகளும் சாக்கடைக்குப் போகின்றன. முதலில் பழைய காகிதத்தில் நன்றாகத் துடைத்துக் காய விட்டு, மீதியை மட்டும் கொஞ்சம் தண்ணீரில் கழுவ வேண்டும். காகிதத்தில் காய்ந்தது படலமாகிவிடும், மிதந்து போகாது. அவள் கேட்ட கேள்வியின் விடை இங்கேயும் உதவுகிறது, பார்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு சோதனை சொல்கிறேன். மர வேலைக்கான வெள்ளைப் பசை போதும். அதுவும் இதே குடும்பம்தான், பாலிவினைல் அசிடேட் உருண்டைகள். மூன்று கண்ணாடித் துண்டுகளில் மெல்லியதாகத் தடவச் சொல். ஒன்றை ஈரமாகவே தண்ணீரில் முக்கினால் பாலாகக் கலைந்துவிடும். இன்னொன்றை ஒரு வாரம் காயவிட்டு முக்கினால் கரையாது. ஆனால் மெல்ல வெளுத்து, இளகும். உள்ளே மாட்டிக்கொண்ட, நீரை விரும்பும் மூலக்கூறுகள் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் வருவது அந்த வெண்மை. எடுத்துக் காய வைத்தால் மறுபடி தெளியும். மூன்றாவதை ஃப்ரிட்ஜில் காயவிடு. பசையைப் பொறுத்து, அது கண்ணாடியாகத் தெளியாமல் சுண்ணாம்புப் பொடி போல நிற்கக்கூடும். அப்படி நின்றால் என் தகட்டில் உள்ள கோட்டை உன் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு மூன்று வகைப் பசை வாங்கி வைத்துக்கொள்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. உன் மகளுக்கு மாற்றல் கிடைத்ததா? அடுத்த கடிதத்தில் இரண்டையும் மறக்காமல் எழுது. அந்தப் பெண்ணின் பெயரையும் எழுது. தகட்டில் இழுத்த பட்டை ஒன்றை, பாதி தெளிந்தும் பாதி வெடித்தும் இருப்பதை, புகைப்படம் எடுத்து அவளுக்கென்று அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி