ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: பிள்ளைக்கொரு கற்றல் திட்டம்

வணக்கம். இந்த மாதம் முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கற்றல் திட்டம் போடுகிறோம். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பித்தார்களே, அதைவிட இது நுணுக்கம். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் பின்னம்தான், இயற்கணிதம் பிறகு. எதை எப்போது திரும்பப் பார்ப்பது என்று பிள்ளையே எங்களோடு உட்கார்ந்து எழுதும். மதிப்பெண் பட்டியல் இல்லை இது, பக்கத்து வீட்டோடு ஒப்பிடாதீர்கள் (ஒப்பிடுவீர்கள், தெரியும்!).

சனிக்கிழமை காலை 11 மணிக்கு வாருங்கள். தேயிலை பறிக்கப் போகிறவர்கள் எடை போட்டுவிட்டு மாலை 4 மணிக்கு வரலாம். கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரத்தோடு அனுப்பிவிடுவோம். "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். பிள்ளை வீட்டில் எந்தப் பாடத்துக்கு முகம் சுளிக்கிறது என்று சொன்னாலே போதும்.