தோட்டக்காரரை நனைக்கப்போகும் டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். பிரெஞ்சுக்காரர் லூயி லூமியேரின் பழைய மௌனப் படமான ‘லாரோஸர் அரோஸே’யை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து செல்போனில் எடுக்கப்போகிறீர்களாமே, சந்தோஷம். நீங்கள் போட்ட எட்டு ஷாட் பட்டியலை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரே ஷாட் போதும்.

பையன் ஹோஸை மிதிக்க, தண்ணீர் ஏன் நின்றது என்று தோட்டக்காரர் முனையைப் பார்க்க, பையன் காலை எடுத்ததும் அவர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சும். இந்த வேடிக்கை 1880-களிலேயே பிரெஞ்சுப் பத்திரிகைகளில் கட்டம் கட்டமாகப் படக்கதையாக வந்ததுதான். 1895-ல் லூயி லூமியேர் அதைப் பிரிக்காமல் எடுத்தார். ஹோஸை மிதிக்கும் பையனின் கால், தண்ணீர் நின்றுபோன முனை, அதை உற்றுப் பார்க்கும் தோட்டக்காரர் முகம், மூன்றும் ஒரே சட்டத்தில், அதாவது கேமராவுக்குத் தெரியும் பரப்பில், இருக்கின்றன. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. காலுக்குத் தனி குளோசப் வைத்தால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. கேமராவில் இருந்ததே சுமார் 17 மீட்டர் ஃபிலிம்தான். கேமரா பக்கவாட்டில் திரும்பவும் செய்யாது. அதனால்தான் ஓடும் பையனைப் பிடித்ததும் தோட்டக்காரர் முன்பக்கம் இழுத்துவந்து அடிக்கிறார். அடி நமக்கு வேண்டாம், பையன்மேல் தண்ணீரைத் திருப்பிவிடட்டும். செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, சட்டம் முடிகிற இடத்தில் இரு பக்கமும் செங்கல் வையுங்கள். பிள்ளைகள் அதைத் தாண்டக்கூடாது.

சொதப்பும் இடம் ஹோஸ். நைலான் நூல் பின்னிய கனத்த ஹோஸ் பத்து வயதுப் பிள்ளை மிதித்தால் நசுங்காது, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மெல்லிய அரை இஞ்ச் ஹோஸ் வாங்குங்கள். மிதிக்கும் இடத்தில் முன்கூட்டியே லேசாக மடிப்பு விழும்படி போட்டால் சின்னக் காலுக்கும் அடைபடும். அடுத்தது அழுத்தம். மூன்று மீட்டர் உயர டேங்க் தருவது 0.3 பார்தான், நீளமான ஹோஸில் அதிலும் பாதி உரசலில் போய்விடலாம், முகத்தில் பீய்ச்சாமல் சட்டையில் வழியும். ஹோஸை ஐந்தாறு மீட்டரோடு வெட்டி, முனையில் குறுகலான நாசில் மாட்டுங்கள். மோட்டாரிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள், முகத்துக்கு அது அதிகம்.

வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. பின்னால் செடி கொடி அடர்ந்து, வெயில் பக்கவாட்டில் விழும் இடமாகப் பாருங்கள். தொப்பி தளர்வாக இருக்கட்டும், தண்ணீர் பட்டதும் விழ வேண்டும்.

பழைய படம்போல் இருக்கட்டும் என்று வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். நொடிக்கு சுமார் 16 பிரேமில் கையால் சுற்றி எடுத்ததைப் பிற்காலத்தில் 24-ல் ஓட்டியதால் வந்த ஓட்டம் அது. அந்தக் காலத்து மனிதர்கள் நம்மைப் போலத்தான் நடந்தார்கள்.

ஒத்திகையெல்லாம் தண்ணீர் இல்லாமலே முடியட்டும். மாற்றுச் சட்டை குறைந்தது இரண்டு வேண்டும். டேங்க் நிரம்பியிருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

அன்புடன்