ஒற்றை ஆளாகத் தூக்கிய கதவு

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிஷிகன்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஊன்றுகோல் இல்லாமலேயே பட்டறை வரைக்கும் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. செல்வியை நான் விசாரித்ததாகச் சொல். மாடிப்படி ஏறும் அவசரம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். இங்கே நாங்கள் நலம். கமலா தோட்டத்தின் கடைசித் தக்காளிகளைப் பறித்து முடித்துவிட்டாள். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் எனக்குக் காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்தாயே, "அறுபதுகளின் ஃபோர்டு மஸ்டாங் கார் கிட்டத்தட்ட நம்ம அம்பாசடர் எடைதானாமே, இன்றைக்கு அதே பெயரில் வருவது ஏன் இவ்வளவு கனம்? நீங்கள் இத்தனை இஞ்சினியர்கள் முப்பது வருஷமாக அங்கே என்னதான் செய்தீர்கள்?" என்று. அது என்னைக் கொஞ்சம் சுட்டது. சரி, உட்கார்ந்து ஒழுங்காகப் பதில் எழுதுவோம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்தேன்.

இதற்கான விடையை இந்தக் கோடை முழுக்க என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன். ஜூன் முதல் சனி, ஞாயிறு எல்லாம் பக்கத்து வீட்டு டேவின் கராஜில்தான் போகிறது. அவரிடம் ஒரு 1966 மஸ்டாங் இருக்கிறது. அவருடைய அண்ணன் புதிதாக வாங்கிய வண்டி அது. இருபது வருடத்துக்கு மேல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஆறு சிலிண்டர், 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன். மஸில் கார் என்று இங்கே சொல்வது பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட வண்டிகளைத்தான். இது அந்தக் குடும்பத்தின் எளிய பிள்ளை. ஆனால் உடம்பு அதே உடம்பு.

முதல் நாள் வலப்பக்கக் கதவைக் கழற்றினோம். கண்ணாடியையும் அதை ஏற்றி இறக்கும் பாகங்களையும் முன்பே எடுத்திருந்தோம். டேவ் கீல் போல்ட்டுகளைத் தளர்த்த, நான் அடியில் கை கொடுத்துத் தாங்கினேன். கடைசி போல்ட் வந்ததும் கதவு என் கைக்கு வந்தது. 61 வயதில் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அப்புறம் குனிந்து உள்ளே பார்த்தேன். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவே காற்று. வேறொன்றும் இல்லை.

சண்முகம், நான் இங்கே பாதிக் காலம் கார்க் கதவுகளுக்கு வரைபடம் போட்டவன். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கும் அந்த வண்டியின் பம்பருக்கும் இடையே இருப்பது அந்த இரண்டு தகடுகள்தான். கதவுக்கு இவ்வளவு வலிமை இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் வந்ததே 1973-இல்தான். தொண்ணூறுகளில் உண்மையாகவே மோத வைத்துப் பார்க்கும் சோதனை வந்தது. இன்றைய கதவுக்குள் குறுக்கே ஒரு எஃகு உத்திரம் ஓடுகிறது. அதோடு சென்சார், மோட்டார், ஸ்பீக்கர், கனமான பூட்டு, சத்தம் அடக்கும் பஞ்சு. அதை நான் ஒற்றை ஆளாகத் தூக்க மாட்டேன்.

ஒவ்வொரு வாரமும் இப்படி ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஸ்டியரிங் தண்டு முன்னாலிருந்து ஓட்டுநரின் நெஞ்சு வரை ஒரே நீளமான இரும்பு. முன்பக்கம் நசுங்கினால் அது பின்னால்தான் வரும். இவை இரண்டும் 1967, 68 வாக்கில் மாறின. பெட்ரோல் டாங்க்தான் என்னை மிகவும் உலுக்கியது. டிக்கியின் தரை என்று நாம் நினைப்பது டாங்கின் மேல்மூடியேதான். அதற்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு அட்டையும் கொஞ்சம் துணியும். பின்னால் இருந்து ஒருவன் இடித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அழகும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. இந்த வண்டிக்கு நடுத்தூண் கிடையாது. பக்கவாட்டில் முன் ஜன்னல், பின் ஜன்னல் இரண்டின் கண்ணாடியையும் இறக்கிவிட்டால் பக்கம் முழுவதும் திறந்து கிடக்கும். திண்ணையில் உட்கார்ந்தது போலக் காற்று வரும். அந்தச் சுகம் இன்றைய மஸ்டாங்கில் இல்லை. இன்றைக்கு நடுவில் ஒரு தூண் நிற்கிறது. இந்த மாதிரித் தூண்களுக்கான தகட்டை 900 டிகிரிக்குச் சூடேற்றி, அச்சுக்குள் வைத்து அழுத்தும்போதே குளிர வைக்கிறார்கள். சாதா எஃகைப் போல நாலைந்து மடங்கு வலிமை. நம் பட்டறையில் அதில் ஒரு துளை போடப் பார்த்தால் ட்ரில் பிட் கருகிவிடும். கூரையின் வலிமைக்கான அரசு விதியும் இறுகியது. வண்டியின் எடையில் ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும் என்று இருந்ததை 2009-இல் மூன்று மடங்காக்கினார்கள். முன்கண்ணாடியின் இரு ஓரமும் ஏன் இத்தனை தடிமனாகிவிட்டது என்று நீ கேட்பாய். அதற்கு இதுதான் பெரிய காரணம்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். அறுபதுகளின் ஆறு சிலிண்டர் மஸ்டாங் சுமார் 1,150 கிலோ. இன்றைய மஸ்டாங்கில் ஆகச் சிறிய நாலு சிலிண்டர் எஞ்சின் போட்டதே 1,600-ஐத் தாண்டுகிறது. வி8 போட்ட ஜிடி 1,750 வாக்கில் நிற்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை பார். இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், 2.7 மீட்டர். அகலம்தான் 18 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அகலமான டயருக்கு இடம் வேண்டும் என்பது ஒரு பக்கம். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்குவதற்கு இடம் வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

எடைக்கு எஞ்சின்தான் காரணம் என்று நீ எழுதியிருந்தாய். அது சரியில்லை. எஞ்சின் இளைத்திருக்கிறது. அன்றைய கிரைஸ்லர் 426 ஹெமி வார்ப்பிரும்பு எஞ்சின் 300 கிலோவுக்கு மேல். இன்றைக்கு மஸ்டாங் ஜிடியில் வரும் 5 லிட்டர் அலுமினிய வி8 ஏறக்குறைய 200 கிலோதான். எடை கூடியது அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலும். உடம்பு கனத்தால் நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக் உள்ளே அடங்கப் பெரிய சக்கரம் வேண்டும். அதைத் தாங்கத் தடித்த சஸ்பென்ஷன் வேண்டும். இத்தனையையும் இழுக்க அதிகச் சக்தி வேண்டும், அந்தச் சக்தியைத் தாங்கப் பெரிய கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் வேண்டும். கடன் வாங்கி வட்டி கட்டுவது போல ஒரு கிலோ இன்னொரு கிலோவை இழுத்து வருகிறது. எங்கள் கூட்டங்களில் 200 கிராமுக்காக மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு பிராக்கெட்டில் மூன்று துளை கூடுதலாகப் போட்டு 40 கிராம் மிச்சம் பிடித்த நாளில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை உன்னால்தான் புரிந்துகொள்ள முடியும். நீயும் அரைத் தவுக்காக, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அரைப் பங்குக்காக, ராத்திரி முழுக்க லேத் முன்னால் நின்றவன்.

சும்மா எடை கூடினால் பாதுகாப்பு கூடிவிடாது. 2009-இல் இங்கே காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் ஒன்று 1959 ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009 மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் நேருக்கு நேர் மோதவிட்டது. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே உருத்தெரியாமல் போயிற்று. மாலிபுவின் மூக்கு மட்டும் நசுங்கி, அறை அப்படியே நின்றது. எத்தனை கிலோ என்பதைவிட அந்தக் கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எங்கள் தொழிலின் முழுச் சாரமும். 1966-இல் இந்த நாட்டில் வண்டிகள் ஓடிய ஒவ்வொரு 10 கோடி மைலுக்கும் 5.5 பேர் செத்தார்கள். 2019-இல் அது 1.1. பெல்ட், சாலை, ஆஸ்பத்திரி, குடித்து ஓட்டுவதற்கு எதிரான சட்டம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. நாங்கள் கூட்டிய இரும்புக்கும் உண்டு. அந்தக் கிலோக்களுக்கு நான் இன்றைக்கும் கையெழுத்துப் போடுவேன்.

எல்லாக் கிலோவுக்கும் போட மாட்டேன். டாட்ஜ் சேலஞ்சரை எடுத்துக்கொள். 2008-இல் அதை மறுபடி கொண்டுவந்தபோது, ஏற்கெனவே இருந்த பெரிய நாலு கதவு செடானின் அடித்தளத்தைக் கொஞ்சம் குறைத்து அதன் மேல் கட்டினார்கள். 1970 சேலஞ்சரைவிடச் சக்கர இடைவெளி 15 சென்டிமீட்டர் அதிகம். பின்னால் அதிலேயே 707 குதிரைத்திறன் கொண்ட ஹெல்கேட் வகை வந்தபோது எடை 2,000 கிலோவைத் தொட்டுவிட்டது. அது பணம் மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு, உயிர் காக்க எடுத்ததல்ல. குறைக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஷெவர்லே கமாரோவை 2016 மாடலில் சிறிய அடித்தளத்துக்கு மாற்றியபோது சுமார் 100 கிலோ குறைந்தது. ஏர்பேக்கையோ தூணையோ எடுத்துவிட்டா குறைத்தார்கள்? இல்லை. அப்படிப்பட்ட வண்டியை வாங்க ஆள் குறைந்து, 2024 மாடலோடு தயாரிப்பை நிறுத்தியது எனக்குப் பெரிய வருத்தம். வீணாகக் கூடிய எடையில் 20 அங்குலச் சக்கரம் இன்னொன்று. பாதிக்கு மேல் அது பார்வைக்குத்தான்.

பழசெல்லாம் லேசு என்றும் நினைத்துவிடாதே. ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகளின் ஊர்வலம் நடக்கும். 1995-இல் தொடங்கியது, கொரோனா காலமான 2020-இல் மட்டும் நடக்கவில்லை. இந்த முறை டேவும் நானும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு 1970 ஷெவர்லே ஷெவல் எஸ்எஸ் 454 போயிற்று. அதன் எடை இன்றைய மஸ்டாங் ஜிடிக்குச் சற்றும் குறையாது. நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால வண்டிகள் அப்போதே கனம்தான். சின்ன வண்டிகள்தான் வளர்ந்துவிட்டன.

இப்போது வரும் மின்சார டாட்ஜ் சார்ஜர் டேடோனா 2,600 கிலோவுக்கு மேல். பேட்டரி எடை அப்படி. உள்ளே இருப்பவருக்குக் கவலை இல்லை. அதன் எதிரே அம்பாசடர் அளவில் ஒரு சின்ன வண்டி வந்தால், அல்லது ஒரு ஆள் சாலையைக் கடந்தால்? நாங்கள் முப்பது வருடம் உள்ளே இருப்பவரைப் பற்றியே யோசித்தோம். வெளியே நிற்பவரைப் பற்றி அதே அளவு யோசித்தோமா என்று இப்போது ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன்.

டேவ் ஆரம்பத்தில் உன்னைப் போலத்தான் பேசினார், "இந்தக் காலத்து வண்டியெல்லாம் கொழுத்துப் போச்சு" என்று. பேத்தியை இந்த மஸ்டாங்கில் பின்னால் உட்கார வைத்து ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. டாங்கைக் கழற்றிய அன்று மாலை அந்தத் துளை வழியாகப் பின்சீட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு பட்டியலோடு வந்தார். இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், நாலு பேருக்கும் தோள் பெல்ட். டாங்குக்கும் பின்சீட்டுக்கும் நடுவே வைக்க ஒரு எஃகுத் தகட்டை நானே அளவெடுத்து வெட்டினேன். அதை அவர் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். நாலு கிலோ. இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. ரிவெட் அடிக்க ஆரம்பித்தோம்.

டிசம்பர் கடைசியில் கோயம்புத்தூர் வருகிறோம். கணபதியில் இருக்கும் உன் பட்டறைக்குத்தான் முதலில் நேராக வருவேன். தோள் பெல்ட்டை உடம்புத் தகட்டில் பொருத்தும் போல்ட்டுகளுக்கு எட்டு புஷ் (உள்ளே நுழைக்கும் உலோக வளையம்) வேண்டும், இங்கே கிடைப்பது அளவு சேரவில்லை. வரைபடத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். உள்விட்டத்தில் மட்டும் கவனமாக இரு. கால் வலித்தால் அவசரமில்லை, பையனை லேத்தில் கடையச் சொல்லிவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்.

அன்புடன்,
முருகேசன்