அந்த சின்ன ரூம் வாடை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. அந்த சின்ன ரூம்ல என்ன செஞ்சும் நாத்தம் போகவே மாட்டேங்குதுன்னு கேட்டியே, அதுக்கு தான் இது. போன்ல சொன்னா பாதி பாப்பா அழுகையில போயிருது, அதான் எழுதியே அனுப்புறேன், அவ தூங்குறப்ப மெதுவா படி, மாப்பிள்ளைகிட்டயும் காட்டு.

தை பொறந்ததும் அம்மா அங்க வந்துருவா. உனக்கு 26 வாரம் லீவு முடிஞ்சு ஆபீஸ் போகணும், அந்த சின்ன ரூம்ல தான் பகல் பூரா அம்மாவும் பாப்பாவும் இருக்கப் போறாங்க, அதனால இந்த மார்கழிக்குள்ள அந்த நாத்தம் போயே ஆகணும். நீ இப்ப செய்றதெல்லாம் நாத்தத்து மேல இன்னொரு வாசனையை பூசுறது தான் தாயி. ரூம் ஸ்ப்ரே, ஊதுபத்தி, எலுமிச்சம்பழம் அறுத்து வைக்கிறது எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திரு. ரெண்டு நாள் ஒண்ணும் போடாம விட்டா தான் எது எங்க இருந்து வருதுன்னு மூக்குக்கு தெரியும். எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சது, அது தெரியாம ஆயிரம் ரூபாய்க்கு சென்ட் வாங்குனாலும் வீண்.

மத்த எதுக்கும் முன்னாடி ஒண்ணு, இதை இப்பவே எந்திரிச்சு போய் செய். வார்ட்ரோப்ல போட்டிருக்கேன்னு சொன்ன அந்துருண்டை எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து ஒரு கவர்ல இறுக்கி கட்டி வெளிய போட்டுரு. அது நாஃப்தலீன். சில குழந்தைங்களுக்கு பொறப்புலயே ஜி6பிடின்னு ஒரு நொதி (என்சைம்) ரத்தத்துல குறைவா இருக்கும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, அந்த குழந்தைங்களுக்கு அந்துருண்டை வாடை பட்டா ரத்த சிவப்பணு உடைஞ்சு மஞ்சக்காமாலை வரலாம், உயிருக்கே கூட ஆபத்தாகலாம். நம்ம பாப்பாவுக்கு அந்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு டாக்டர்கிட்ட கேளு, ஆனா ரிசல்ட் எப்படி இருந்தாலும் அந்துருண்டை அந்த வீட்ல வேணாம். அதோட கிடந்த பாப்பா துணி, போர்வை எல்லாத்தையும் துவைச்சு நல்ல வெயில்ல காயப்போட்டு வாடை சுத்தமா போனதுக்கப்புறம் தான் அவளுக்கு போடணும். சாம்பிராணியும் அப்படித்தான், அம்மா கேப்பா, குளிப்பாட்டுன உடனே ஒரு பிடி போடுன்னு சொல்லுவா, மூடுன ரூம்ல புகை வேண்டவே வேணாம்னு நானே அவகிட்ட சொல்லிட்டேன்.

சரி இப்ப நாத்தத்துக்கு வர்றேன். நீ சொன்னதுல ரெண்டு விஷயம் என் மனசுல நின்னுச்சு. ஒண்ணு, அந்த ரூமோட பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா வாடை குறையாம கூடுதுன்னு சொன்ன. இன்னொண்ணு, வார்ட்ரோப்பை தொறந்தா வேற மாதிரி, பழைய பேப்பர் மக்குன மாதிரி வருதுன்னு சொன்ன. எனக்கு என்னமோ அங்க ஒரு நாத்தம் இல்ல, ரெண்டு நாத்தம் இருக்குன்னு தோணுது, அதான் ஒண்ணுக்கு மருந்து போட்டா இன்னொண்ணு நிக்குது. ராத்திரி பாத்ரூம் கதவு, வார்ட்ரோப் கதவு, ரூம் கதவு மூணையும் சாத்திரு. காலையில வெளிய போய் கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்து நேரா போய் ஒவ்வொரு கதவா தொறந்து பாரு. உள்ளயே இருந்து மோந்து பாத்தா கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிரும், ஒண்ணும் தெரியாது, மாப்பிள்ளை எனக்கு வாடையே வரலைன்னு சொல்றாருன்னா அதுக்கு காரணம் இது தான், அவரை சண்டைக்கு இழுக்காத.

பாத்ரூம் தொறந்ததும் அழுகுன முட்டை மாதிரி, சாக்கடை மாதிரி வந்துச்சுன்னா அது நஹானி ட்ராப். தரையில ஓரமா தண்ணி போற இடத்துல சல்லடை மாதிரி எவர்சில்வர் மூடி இருக்கு பாரு, அதை ஒரு ஸ்பூன் காம்பால நெம்பி எடு, உள்ள ஒரு கிண்ணத்தை கவுத்து வச்ச மாதிரி ஒரு கப் இருக்கணும். இருக்கான்னு பாரு. நிறைய வீட்ல தண்ணி சீக்கிரம் போகலைன்னு அந்த கப்பை கழட்டி தூக்கி போட்டுருவாங்க, அதுக்கப்புறம் கரப்பானும் வரும் நாத்தமும் வரும். கப்பை எடுத்துட்டு உள்ள செல்போன் டார்ச் அடிச்சு பாரு. அடியில தண்ணி தேங்கி வெளிச்சம் பட்டு மினுங்கணும், அந்த தண்ணி தான் சாக்கடை காத்து மேல வராம தடுக்குது, ஒரு 50 மி.மீ., அதாவது ரெண்டு இஞ்ச் உயரத்துக்காவது நிக்கணும்னு நாங்க கட்டட சைட்ல அளந்து பாப்போம். யாரும் குளிக்காம விட்டா அந்த தண்ணி ஆவியாகி போயிரும். நீ வளைகாப்பு முடிஞ்சு மதுரைக்கு வந்ததுல இருந்து ஐப்பசியில திரும்பிப் போற வரைக்கும் அந்த பாத்ரூமை யாராவது தொட்டாங்களா? மாப்பிள்ளை அந்த பெரிய பாத்ரூமை மட்டும் தானே புழங்கியிருப்பாரு. ட்ராப் காஞ்சு கிடக்குறப்ப எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா அது ரூம் காத்தை வெளிய தள்ளும், அந்த இடத்துக்கு வேற காத்து வேணும், ஜன்னலும் சாத்தியிருந்தா சாக்கடை பைப் வழியா தான் இழுக்கும். அதான் கூடுது.

வைத்தியம் ரொம்ப லேசு. கப்பை பழைய பிரஷ் வச்சு முடி, சோப்பு பிசுக்கெல்லாம் போக தேய்ச்சு கழுவு, ட்ராப்புக்குள்ள ஒரு வாளி சுடுதண்ணி (கொதிக்க கொதிக்க வேணாம், பிவிசி பைப் இளகிரும்), அப்புறம் ஒரு வாளி பச்சத்தண்ணி ஊத்தி கப்பை வச்சு மூடிரு. கப் இல்லைன்னா ஹார்டுவேர் கடையில மூடியோட அளவு சொல்லி வாங்கிக்கலாம். கடைசியா ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டா தண்ணி மேல படலமா நின்னு சீக்கிரம் ஆவியாகாம பாத்துக்கும், நீங்க ஊருக்கு வர்றப்பல்லாம் இதை செஞ்சுட்டு வாங்க. வாஷ்பேசின்லயும் தண்ணி தொறந்து விடு, கம்மோடை ஃபிளஷ் பண்ணு, அதுலயும் இதே கதை தான். வாஷ்பேசினுக்கு கீழ இருந்து வர்ற அந்த சுருள் பைப் தரை ஓட்டைக்குள்ள சும்மா சொருகி இருக்கும், சுத்தி இடைவெளி இருந்தா அங்கயும் ஏறும், ஒரு ரப்பர் வளையமோ எம்சீலோ வச்சு அடைச்சிரு.

தண்ணி ஊத்துனப்புறமும் ட்ராப்ல கொடகொடன்னு சத்தம் வந்து தண்ணி மட்டம் இறங்குச்சுன்னா, இல்ல தண்ணி போகாம நின்னா, வெளிய இருக்குற சேம்பர், அதான் சாக்கடை தொட்டி, அடைச்சிருக்கலாம். அப்ப ஒண்ணு தெளிவா சொல்றேன், எந்த காரணத்துக்கும் ஆளை சேம்பருக்குள்ள இறங்க விடக்கூடாது. வாட்ச்மேன் ஐநூறு ரூபாய்க்கு ஒருத்தனை கூட்டிட்டு வருவாரு, அவனும் இறங்குறேம்பான், வேணாம்னு சொல்லிரு. அந்த முட்டை நாத்தம் கொஞ்சமா இருந்தா மூக்கு கண்டுபிடிக்கும், விஷவாயு அதிகமானா மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாம ஆள் அப்படியே விழுந்துருவான். சைட் வேலையில இருந்தவனுக்கு அந்த பயம் எப்பவும் போகாது. கையால மலம் அள்ளுறதை தடை பண்ணுன 2013 சட்டத்துல, பாதுகாப்பு கவசம் இல்லாம அப்படி இறக்குறது குற்றம். மெட்ரோ வாட்டருக்கு சொன்னா ஜெட் அடிக்கிற வண்டி அனுப்புவாங்க, ரெண்டு நாள் லேட்டானாலும் பரவாயில்லை.

ரெண்டாவது நாத்தம் தான் கொஞ்சம் பொறுமை கேக்கும். வார்ட்ரோப் பின்பக்கம் இருக்குறது பாத்ரூம் செவுரு தானே? துணி எல்லாம் எடுத்துட்டு பின் ப்ளைவுட்டை உள்ளங்கையால அழுத்தி பாரு, சில்லுன்னு நசநசன்னு இருந்தா ஓதம். கீழ ஓரத்துல பலகை உப்பி இருக்கும், செவுத்துல பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பி விரலால தட்டுனா வெள்ளையா மாவு உதிரும், அது உப்பு. சென்னைக்கு வருஷ மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிருது, உங்களது வேளச்சேரி பக்கம் தரைதள வீடு வேற, 2015 வெள்ளத்துல அந்த ரூம்ல தண்ணி நின்னுச்சான்னு வீட்டுக்காரர்கிட்ட கேளு. நின்ன செவுரு உப்பை குடிச்சு வச்சிருக்கும், ஒவ்வொரு மழைக்கும் திரும்ப ஈரத்தை இழுக்கும்.

ஈரம் செவுத்துக்குள்ள இருந்து வருதா இல்ல ரூம் காத்துல இருந்து படியுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. செவுத்துல ஒரு பாலித்தீன் கவரை விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடு. கவருக்கும் செவுத்துக்கும் நடுவுல தண்ணி முத்து முத்தா நின்னா ஈரம் உள்ள இருந்து வருது. கவருக்கு வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தா ரூம்ல காத்தோட்டம் இல்லைன்னு அர்த்தம், அதுக்கு ஜன்னலை தொறந்து வைக்கிறது, டேபிள் ஃபேனை வார்ட்ரோப்புக்கு நேரா திருப்பி வைக்கிறது, மழை நாள்ல ஏசியை ட்ரை மோட்ல போடுறது போதும். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, 60 சதவீதத்துக்கு கீழ வச்சிருந்தா பூசணம் ஏறாது.

உள்ள இருந்து வருதுன்னா மேல் வீட்டு பாத்ரூமையும் பாக்கணும். ஃபிளாட்ல பாத்ரூம் ஸ்லாபை ஒரு அடி போல இறக்கி கட்டி அதுக்குள்ள செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பாங்க, டைல்ஸ் ஜாயிண்ட் விட்டுப்போச்சுன்னா தண்ணி அதுக்குள்ள இறங்கி மாசக்கணக்குல தேங்கி நின்னு மெதுவா செவுத்துல கசியும். நீங்க அந்த பாத்ரூமை புழங்காமயே செவுரு நனைஞ்சிருந்தா எனக்கு சந்தேகம் மேல் வீடு தான். இதெல்லாம் உங்க செலவு இல்ல. முதல்ல அக்ரிமெண்ட்டை எடுத்து படி, தமிழ்நாட்டுல 2017ல வந்த வாடகை சட்டத்து பட்டியல்ல கட்டடத்து ரிப்பேர், வெள்ளையடிக்கிறது, பைப் மாத்துறது வீட்டுக்காரர் பக்கம், குழாய் வாஷர் மாத்துறது, ட்ரெயின் சுத்தம் பண்றது குடியிருக்கிறவங்க பக்கம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல மரியாதையா அனுப்பி கேளு, வாயால சொன்னா மறந்துருவாங்க. அவர் ஓதத்து மேலயே பட்டி பாத்து புது பெயிண்ட் அடிச்சு தர்றேன்னு சொன்னா ஒத்துக்காத, அடுத்த மழைக்கு உரிஞ்சு வந்துரும், கசிவை நிறுத்தி செவுரு நல்லா காஞ்சதுக்கப்புறம் தான் பூச்சு. வார்ட்ரோப் பின்னாடி மட்டும் பெயிண்டுக்கு பதிலா சுண்ணாம்பு அடிக்க சொல்லு, செவுரு மூச்சு விடும், சுண்ணாம்பு காரத்துல பூசணமும் லேசுல வராது.

பூசணத்தை துடைக்கிறப்ப மாஸ்க் போட்டுக்கோ, இல்ல மாப்பிள்ளையை செய்ய சொல்லு, பாப்பாவை அந்த பக்கமே கொண்டு போகாத. காஞ்ச துணியால தட்டுனா தூள் ரூம் பூரா பறக்கும், சோப்பு தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி துடைச்சு அந்த துணியை தூக்கி போட்டுரு, அப்புறம் வினிகர் தடவி காய விடு. ப்ளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒண்ணா ஊத்தவே ஊத்தாத, வினிகரோடயும் சேக்காத, குளோரின் வாயு வந்து மூச்சை அடைச்சிரும். வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் இதை சொல்லி வை, அவங்க பளிச்சுன்னு வரும்னு ரெண்டையும் கலந்து தேய்ப்பாங்க, பாவம், அவங்களுக்கு தான் முதல்ல ஆபத்து.

மெத்தை விஷயம். அந்த கட்டில்ல கிடக்குற நார் மெத்தையை மொட்டை மாடியில ரெண்டு மூணு நாள் திருப்பி திருப்பி வெயில்ல போட்டு பாரு. சாயங்காலம் உள்ள கொண்டு வந்து ஆறுனப்புறம் முகத்தை வச்சு மோந்து பாத்தா மக்குன வாடை இன்னும் இருந்துச்சுன்னா பூசணம் நாருக்குள்ள போயிருச்சு, அதை எடுக்க வழி இல்ல, போட்டுரு. நாங்க கல்யாணத்துக்கு சீரா குடுத்ததுன்னு நினைச்சு வச்சுக்கிட்டு இருக்காத தாயி, நான் புதுசு வாங்கி தர்றேன், பாப்பா அதுல தவழப்போறா, அது முக்கியம்.

இன்னும் ரெண்டே ரெண்டு. பரண் மேல எலி செத்திருக்குமோன்னு கேட்ட, எலியா இருந்தா ரெண்டு மூணு வாரத்துல தானா குறைஞ்சிருக்கும், உனக்கு ஐப்பசியில இருந்து இருக்கு, அதனால அது இல்ல. ஆனா ஸ்விட்ச் போர்டு பக்கத்துல, ஏசி ப்ளக் பக்கத்துல மீன் கவிச்சி மாதிரி என்னைக்காவது வந்துச்சுன்னா சமையல் வாடைன்னு விட்டுறாத, வயர் லூசாகி ப்ளாஸ்டிக் சூடேறுனா அப்படித்தான் வரும், உடனே மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனை கூப்பிடு.

பிளம்பரை இப்பவே கூப்பிட வேணாம், வந்தா பைப்பை உடைக்கணும்னு தான் ஆரம்பிப்பான். நாளைக்கு காலையில அந்த ட்ராப் மூடியை எடுத்து டார்ச் வெளிச்சத்துல ஒரு போட்டோ, வார்ட்ரோப் உள்செவுரு ஒரு போட்டோ, ரெண்டும் எனக்கு அனுப்பு. பாத்துட்டு கொத்தனார் வேணுமா, வெறும் தண்ணி ஊத்துனா போதுமான்னு நான் சொல்றேன். கொத்தனார் வேலைன்னா அம்மா வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் வைகை எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்துர்றேன், பக்கத்துல நின்னு பாத்து செஞ்சா தான் எனக்கு மனசு ஆறும்.

அப்பா