உப்பும் கசியும்

ஆசிரியருக்கு,

அணுக்கழிவை ஆழத்தில் புதைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பவர்கள் ஜெர்மனியின் அஸ்ஸே உப்புச் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கட்டும். 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கொள்கலன்களை அங்கே இறக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ஆராய்ச்சி! சில அறைகளில் பீப்பாய்களை அடுக்கக்கூட இல்லை. மண் அள்ளும் வண்டியால் சரிவில் உருட்டிவிட்டு, மேலே உப்பைக் கொட்டி மூடிவிட்டார்கள். உப்புப் பாறை வறண்டே இருக்கும் என்று நம்பினார்களாம். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கும் எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டிருக்கலாம். 1988 முதல் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டரைப் பிடித்து மேலே ஏற்றுகிறார்கள்.

அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும் என்று 2013இல் சட்டமே போட்டார்கள். நசுங்கித் துருப்பிடித்த பீப்பாய்களை ஆள் இறங்கித் தூக்க முடியாது. தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரங்கள் வேண்டும், அதற்கென்று புதிய சுரங்க வாயிலும் தோண்ட வேண்டும். சட்டம் வந்து பத்தாண்டு கடந்தும் முதல் பீப்பாய் மேலே வரவில்லை. வந்தால் எங்கே வைப்பது என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் இப்போதே சண்டை போடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்