வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் ஊசியா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் அக்குபங்சர் நிலையத்தைப் பற்றி ஏரியா வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு சுற்றுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "அங்கே போனால் வாயுத் தொல்லைக்கும் அதே இடம், நெஞ்செரிச்சலுக்கும் அதே இடம். ஒரே ஊசியை வைத்துக் காசு பார்க்கிறார்கள்" என்று. நேரில் கேட்டிருந்தால் சுவரில் மாட்டியிருக்கும் படத்திலேயே காட்டியிருப்போம்.

வயிற்றில் நாங்கள் ஊசி போடும் அந்த இடத்தின் பெயர் சோங்வான். படத்தில் ரென் 12 என்று இருக்கும், அதாவது உடலின் முன்பக்க நடுக்கோட்டில் ஓடும் ரென் பாதையின் 12-வது புள்ளி. நெஞ்செலும்பு முடிகிற இடத்திலிருந்து தொப்புள் வரை 8 சுன் என்று கணக்கு. சுன் என்பது அவரவர் உடலை வைத்தே அளக்கும் சீன அளவு, ஏறக்குறைய அவரவர் கட்டைவிரல் அகலம். அதில் சரிபாதி, அதாவது தொப்புளுக்கு மேலே 4 சுன். சுன் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வயிற்றில் விரல் வைத்து அளக்கிறோம். சீன மருத்துவத்தில் இது இரைப்பைக்கே உரிய முன்பக்கப் புள்ளி. அதோடு இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், பித்தப்பை, சிறுநீர்ப்பை, மூவெப்பமண்டலம் (சீன மருத்துவம் ஓர் உறுப்பாகவே எண்ணும் உடலின் மூன்று பகுதிகள்) என்ற ஆறுக்கும் பொதுவான புள்ளியும் இதுதான். வயிறு சரியில்லை என்று வருகிறவருக்கு இங்கே போடாமல் வேறு எங்கே போடுவது?

இது ஒன்றோடு நிறுத்துவதும் இல்லை. மலச்சிக்கல், பேதி என்றால் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் 2 சுன் தள்ளி தியான்ஷு. குமட்டலுக்கு மணிக்கட்டுக்கு மேலே நெய்குவான். முழங்காலுக்குக் கீழே சூசான்லி அநேகமாக எல்லாருக்கும் உண்டு. காலில் போட்டது வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறது, வயிற்றில் போட்டது மட்டும் நினைவில் நிற்கிறது. நாங்கள் என்ன செய்ய?

ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறோம், முடிந்ததும் அந்த ஊசியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைகிறது என்று வந்தவர்களை ஊசியே போடாமல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறோம், காசும் வாங்கவில்லை. அதைக் குழுவில் யாரும் எழுதக் காணோம்.

சரி, அது போகட்டும். குழுவிலேயே எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களுக்கும், தங்களுக்குச் சரியானதும் மாமியாரைக் கூட்டி வந்தவர்களுக்கும், கரண்ட் போன நாட்களில் விசிறிக்கொண்டே காத்திருந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறோம்.

அப்புறம், பெண்களுக்கு ஊசி போட்டுவந்த அக்கா வேலையை விட்டுவிட்டதால், வேறு ஆள் கிடைக்கும்வரை பெண்களுக்கான மாலை நேரம் இருக்காது. கட்டணமும் அடுத்த மாதம் முதல் 50 ரூபாய் கூடும்.

வழக்கம்போல, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் வந்ததுமே சொல்லிவிடுங்கள், வயிற்றில் ஊசி போட மாட்டோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்